சின்ன ஆங்கில வினைகள் இடறும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆங்கில இலக்கணம் ஓரளவு கைவந்து, பேசவும் தொடங்கிவிட்ட பலர் ஒரு கட்டத்தில் தேங்கி நிற்கிறார்கள். காலம் பிசகுவதில்லை, சொல்லுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் வாக்கியத்தின் நடுவே கேட்பவரின் புருவம் சுருங்குகிறது. அந்த இடத்தைத் துருவிப் பார்த்தால் அநேகமாக ஒரு வினைச்சொல் இருக்கும். அதுவும் கடினமான வினையாக இருக்காது. சே, டெல், சீ, லுக், டேக், பிரிங் என்று பள்ளியின் தொடக்க வகுப்புகளிலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் நம்பும் சின்ன வினைகளில் ஒன்றாக இருக்கும்.

தமிழில் ஒரே வினை பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதுதான் இந்தக் கோளாறின் வேர். ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘சே’ என்பதற்கும் “சொல்” என்றிருக்கும், ‘டெல்’ என்பதற்கும் “சொல்” என்றிருக்கும். ஆகவே பொருளை மனப்பாடம் செய்து பயனில்லை. வினையை அடுத்து ஆள் வருகிறாரா, செய்தி வருகிறதா? செயல் தானாக நடக்கிறதா, ஒருவர் நடத்துகிறாரா? எந்தத் திசையில் போகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டால் தீரும். பெரும்பாலான இடங்களில் இவற்றுக்கான விடை தமிழிலேயே தயாராக இருக்கிறது என்பதுதான் என் உறுதியான நம்பிக்கை. அதை எடுத்துப் பயன்படுத்த நமக்குச் சொல்லித்தரப்படவில்லை.

கடைசியாக உங்களுக்குச் சிக்கல் தந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டவர் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். கீழே அதற்கு நெருக்கமான அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: வாக்கியம் முடிந்த பிறகும் கேட்பவர் காத்திருக்கிறார்

‘ஐ டோல்ட் தட் தி ஃபைல் இஸ் ரெடி.’ நீங்கள் முடித்துவிட்டீர்கள். கேட்பவருக்கு முடியவில்லை. யாரிடம் சொன்னீர்கள் என்பது இன்னும் வரவில்லை.

“கோப்பு தயார் என்று சொன்னேன்” என்பது தமிழில் முழு வாக்கியம். யாரிடம் என்பது சூழலில் இருந்தால் போதும். ‘டெல்’ அந்தச் சலுகையைத் தராது. வினையை அடுத்து உடனே ஓர் ஆள் வர வேண்டும்: ‘ஐ டோல்ட் ஹிம்’, ‘ஐ டோல்ட் மை பிரதர்’. செய்தி மட்டும் போதும் என்றால் ‘சே’: ‘ஐ செட் தட் தி ஃபைல் வாஸ் ரெடி.’ ‘சே’யுடன் ஆளைச் சேர்க்க வேண்டியிருந்தால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஷி செட் டு மீ’. ‘ஷி செட் மீ’ என்பது எங்கும் செல்லாது.

கட்டளைக்கு இந்த இரண்டில் ‘டெல்’ பொருந்தும்: ‘ஹி டோல்ட் மீ டு வெயிட்’. ஆள் இல்லாமல் ‘டெல்’ வரும் இடங்களும் சில உண்டு: உண்மை, பொய், கதை, கடிகார நேரம். ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் தி டைம்’. இவற்றை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வினைக்கு எண்ணுதல் என்ற பழைய பொருளும் உண்டு. வங்கியில் பணத்தை எண்ணித் தருபவருக்கு டெல்லர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் “பேசு”. இங்கே தமிழ்க் காது காவலாக நிற்கும். “அவர் வருவார் என்று பேசினேன்” என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அதேபோல் இந்த இரண்டு வினைகளும் செய்தியைத் தாங்கா. ‘ஐ ஸ்போக் தட்’ என்று தொடங்கினாலே பிழை. மொழியின் பெயர் வந்தால் ‘ஸ்பீக்’. மேடைப் பேச்சும் தொலைபேசியில் ஒருவரை முறையாகக் கேட்பதும் ‘ஸ்பீக்’ பக்கம். நண்பர்கள் பேசிக்கொண்டிருப்பது ‘டாக்’.

இதே அறிகுறியின் மறுபக்கமாக ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ வருகிறது. “எனக்கு விளக்குங்கள்” என்பதில் உள்ள ‘கு’ உருபுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரு ‘டு’ வேண்டியிருக்கிறது: ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’. ‘கிவ் மீ’, ‘டெல் மீ’, ‘ஷோ மீ’, ‘செண்டு மீ’ என்பவை ‘டு’ இல்லாமலே நடக்கும்போது ‘எக்ஸ்ப்ளெய்ன்’ மட்டும் ஏன் முரண்டுபிடிக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘கிவ்’, ‘டெல்’, ‘ஷோ’, ‘செண்டு’ ஆகியவை ஜெர்மானிய வேரிலிருந்து வந்த குட்டையான சொற்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘சஜஸ்ட்’, ‘டிஸ்க்ரைப்’, ‘டொனேட்’ ஆகியவை லத்தீன் வழி வந்தவை. முதல் வகை ஆளைத் தன்னோடு ஒட்டி நிற்க விடும். இரண்டாம் வகை பெரும்பாலும் விடாது. விதிவிலக்குகள் இருந்தாலும், புதிய வினை ஒன்றைச் சந்திக்கும்போது முதல் ஊகத்துக்கு இது நன்றாக உதவும்.

அறிகுறி: இணையவழிக் கூட்டத்தில் நீங்கள் கேட்ட சாதாரணக் கேள்விக்கு எதிர்முனையில் இருப்பவர் முகம் மாறுகிறது

“நான் பேசுவது கேட்கிறதா?” என்று கேட்க நினைத்து ‘ஆர் யூ லிஸனிங் டு மீ?’ என்றிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு “கவனிக்கிறாயா இல்லையா?” என்ற அதட்டல் தொனி. கேட்டிருக்க வேண்டியது ‘கேன் யூ ஹியர் மீ?’

“கேள்” என்ற ஒரு வினை நமக்கு ஐந்து வேலை செய்கிறது. ஒலி காதில் விழுதல், கவனித்தல், வினவுதல், ஒன்றைத் தரும்படி வேண்டுதல், சொன்னபடி நடத்தல். ஆங்கிலம் இவற்றை ‘ஹியர்’, ‘லிசன்’, ‘ஆஸ்க்’, ‘ஆஸ்க் ஃபார்’ என்று பிரித்துவைத்திருக்கிறது. கடைசி வேலை, அதாவது “சொன்னால் கேட்க மாட்டான்” என்பதில் வரும் கேள், மீண்டும் ‘லிசன்’ கணக்கில் சேரும்.

முதல் இரண்டையும் பிரிக்க அருமையான சோதனை ஒன்று தமிழில் இருக்கிறது. வாக்கியத்தை “எனக்கு” என்று தொடங்க முடிகிறதா, “நான்” என்று தொடங்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். “எனக்குக் கேட்கிறது” என்றால் என் விருப்பம் இல்லாமலே காதில் விழுகிறது, அது ‘ஹியர்’. “நான் கேட்கிறேன்” என்றால் நான் காது கொடுக்கிறேன், அது ‘லிசன்’. நான்காம் வேற்றுமையும் எழுவாயும் மாறும்போது ஆங்கிலத்தில் வினையே மாறுகிறது. இந்தச் சோதனை கண்ணுக்கும் பொருந்தும் என்பதை அடுத்த அறிகுறியில் காணலாம்.

எதைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லும்போது ‘லிசன்’ ‘டு’வை இழுத்துக்கொண்டுதான் வரும்: ‘லிசன் டு மியூசிக்’. ‘ஹியர்’ நேராகப் பொருளைப் பிடிக்கும்.

வினவுதலும் வேண்டுதலும் கலந்துபோனால் ‘ஐ ஆஸ்க்ட் எ லோன்’ என்ற வாக்கியம் பிறக்கும். கடனைத் தரும்படி கேட்கும்போது ‘ஃபார்’ கட்டாயம்: ‘ஐ ஆஸ்க்ட் தி பேங்க் ஃபார் எ லோன்’. ஆள் முதலில், பிறகு ‘ஃபார்’, பிறகு பொருள். ஆனால் ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ வேண்டாம். அது பெயராக வரும்போது வேண்டும். ‘ஐ ரிக்வெஸ்டட் லீவ்’, ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. விடுப்பு விண்ணப்பங்களில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடப்பதை நிறையப் பார்க்கலாம்.

அறிகுறி: ‘சீயிங்’ என்றதும் கேட்பவர் வாழ்த்துச் சொல்கிறார்

“அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்பதை ஒருவர் ‘மை பிரதர் இஸ் சீயிங் எ கேர்ள்’ என்று மொழிபெயர்த்தால், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு அண்ணன் ஒரு பெண்ணைக் காதலித்துப் பழகி வருகிறார் என்றே படும். குடும்பச் செய்தி முற்றிலும் வேறு செய்தியாகிவிடுகிறது. ‘வீ ஆர் லுக்கிங் ஃபார் எ பிரைட் ஃபார் மை பிரதர்’ என்பதே சொல்ல வந்தது.

“பார்” என்பதன் பரப்பு மிகப் பெரிது. முதலில் “எனக்கு”, “நான்” சோதனையைச் செய்யுங்கள். “எனக்குத் தெரிகிறது” என்று மாற்ற முடிந்தால் ‘சீ’. ‘கேன் யூ சீ தி போர்டு?’ “நான் பார்க்கிறேன்” என்றுதான் நிற்கும் என்றால் ‘லுக்’ அல்லது ‘வாட்ச்’. இந்த இரண்டுக்கும் இடையே இன்னொரு கேள்வி: பார்க்கப்படுவது அசைகிறதா, மாறுகிறதா, நேரம் எடுத்து நடக்கிறதா? ஆம் என்றால் ‘வாட்ச்’. கிரிக்கெட் ஆட்டம், தொலைக்காட்சி, அடுப்பில் பொங்கும் பால் எல்லாம் ‘வாட்ச்’. சுவரில் தொங்கும் படம், கையில் உள்ள ரசீது எல்லாம் ‘லுக் அட்’. திரைப்படத்துக்கு ‘சீ’, ‘வாட்ச்’ இரண்டும் வழக்கில் உண்டு. திரையரங்குக்குப் போய்ப் பார்த்ததற்கு ‘சீ’ அதிகம், வீட்டில் பார்ப்பதற்கு ‘வாட்ச்’ அதிகம்.

கண்ணோடு தொடர்பே இல்லாத “பார்”களும் உண்டு. “எழுதிப் பார்” என்பதில் “பார்” துணைவினை, முயற்சியைக் குறிக்கிறது. அதற்கு ‘ட்ரை’: ‘ட்ரை ரைட்டிங் இட்’. ‘ரைட் அண்ட் சீ’ என்பது தமிழ் அறிந்த காதுக்கே புரியும். “வேலை பார்க்கிறேன்” என்பது வெறும் ‘வர்க்’. “மருத்துவரைப் பார்த்தேன்” என்பதற்கு மட்டும் ‘சீ’ அழகாகப் பொருந்திவிடுகிறது: ‘ஐ சா எ டாக்டர்’.

அறிகுறி: விலை தானாக ஏறியதா, ஏற்றினார்களா என்று கேட்பவருக்குக் குழம்புகிறது

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே வாழ்நாள் முழுவதும் தடுமாறும் இந்த இடத்தில் தமிழ் கற்றவருக்குப் பிறவியிலேயே ஒரு வசதி இருக்கிறது.

நாம் தன்வினையையும் பிறவினையையும் வடிவத்திலேயே பிரிக்கிறோம். உருண்டது, உருட்டினான். திரும்பியது, திருப்பினான். பரவியது, பரப்பினார்கள். ஒரு சிறு குழந்தைகூட “பந்து உருட்டியது” என்று சொல்லாது. ஆங்கிலமும் ஒரு காலத்தில் இந்த முறையைத் தாராளமாகப் பயன்படுத்தியது. பழைய ஜெர்மானிய மொழிகளில் வினைக்குள் உயிரெழுத்து மாறிப் பிறவினை உண்டாகும். அந்த முறை தேய்ந்துபோய், சில இணைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ‘ரைஸ்’ என்றால் எழு, ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்பு. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்ற இன்னொரு வினை பொருளை அமர்த்தி வைப்பது. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் அதுவே சொல்.

எனவே ‘பிரைசஸ் ரெய்ஸ்ட்’ என்று வாயில் வந்தால் அதைத் தமிழாக்கிப் பாருங்கள்: “விலைகள் ஏற்றின.” எதை ஏற்றின? காது உடனே மறுக்கும். ‘பிரைசஸ் ரோஸ்’ என்பது “விலைகள் ஏறின”. ‘தி கம்பெனி ரெய்ஸ்ட் தி பிரைஸ்’ என்பது “நிறுவனம் விலையை ஏற்றியது”. ‘ரைஸ்’ தன் வடிவத்தை ‘ரோஸ்’, ‘ரிஸன்’ என்று மாற்றிக்கொள்ளும். ‘ரெய்ஸ்’ ஒழுங்கான வினை, ‘ரெய்ஸ்ட்’ என்று மட்டும் வரும்.

‘லை’, ‘லே’ இணையில் உண்மையான வம்பு இறந்தகாலத்தில் இருக்கிறது. கிடத்தலுக்கான ‘லை’ இறந்தகாலத்தில் ‘லே’ ஆகிறது. முற்றுப்பெற்ற வடிவத்தில் ‘லெய்ன்’. கிடத்துதலுக்கான ‘லே’ இரண்டிலும் ‘லெய்ட்’. பொய் சொல்லுதலுக்கான இன்னொரு ‘லை’ இரண்டிலும் ‘லைட்’ என்பதுபோல ஒலிக்கும், ஒழுங்கான வினை. ஆக ‘லே’ என்ற ஒலி வந்தால் அது “நேற்று கிடந்தான்” என்பதாகவும் இருக்கலாம், “இன்று கிடத்து” என்பதாகவும் இருக்கலாம். பிரிப்பதற்கு ஒரே வழி, பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. ‘ஹி லே ஆன் தி ஃப்ளோர்’, பொருள் இல்லை: கிடந்தான். ‘லே தி மேட் ஆன் தி ஃப்ளோர்’, பாய் இருக்கிறது: விரி. கோழி முட்டையிடுவதும் ‘லே’தான்; முட்டை அங்கே செயப்படுபொருள். “நேற்று மதியம் படுத்திருந்தேன்” என்பதற்கு ‘ஐ லெய்ட்’ என்று சொல்வது பேச்சில் எங்கும் கேட்கும் பிழை. எழுத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

வடிவத் தொடர்பே இல்லாத இணைகளுக்கும் இந்தச் சோதனை உதவும். ‘ரிமெம்பர்’ தன்வினை, ‘ரிமைண்டு’ பிறவினை. “எனக்கு நினைவிருக்கிறது”, “எனக்கு நினைவூட்டு.” ‘ரிமெம்பர் மீ டு பே தி பில்’ என்று எழுதியவர் சொல்ல வந்தது ‘ரிமைண்டு மீ’. ‘லர்ன்’, ‘டீச்’ இணையில் தமிழ் இன்னும் தெளிவாக வழிகாட்டுகிறது: கற்றுக்கொள், கற்றுக்கொடு. கொள் என்றால் தன் பக்கம், கொடு என்றால் பிறர் பக்கம்.

அறிகுறி: கடன் தலைகீழாகிவிடுகிறது

‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்?’ கேட்பவர் சிரிக்கலாம், அல்லது பேனாவைக் கொடுத்துவிடலாம். பொருள் எழுவாயின் கைக்கு வந்தால் ‘பாரோ’, எழுவாயின் கையிலிருந்து போனால் ‘லெண்டு’. ‘பாரோ ஃப்ரம்’, ‘லெண்டு டு’ என்று பின்னொட்டோடு சேர்த்தே பழகிவிட்டால் திசை மாறாது. கடன் வாங்கு, கடன் கொடு என்ற நம் வழக்கும் அதே பிரிவுதான்.

‘ரெண்ட்’ மட்டும் இரு பக்கமும் போகும். குடியிருப்பவரும் ‘ரெண்ட்’ செய்கிறார், வீட்டுக்காரரும் ‘ரெண்ட்’ செய்கிறார். குழப்பம் வரும் என்று தோன்றினால் வீட்டுக்காரருக்கு ‘ரெண்ட் அவுட்’ அல்லது ‘லெட்’ என்று சொல்லுங்கள். வாடகைக்கு எடுத்தல், விடுதல் என்பதற்கு அது ஈடாகும். எடுத்துச் செல்ல முடியாததை ‘பாரோ’ செய்ய முடியாது. ஒருவர் வீட்டில் கழிப்பறை கேட்க வேண்டியிருந்தால் ‘யூஸ்’.

அறிகுறி: ‘டேக் அண்ட் கம்’ என்று சொன்னீர்கள், யாரும் எதையும் கொண்டுவரவில்லை

“எடுத்து வா” என்பதைத் துண்டு துண்டாக மாற்றினால் ‘டேக் அண்ட் கம்’ வரும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் ‘பிரிங்’. “கொண்டு போ” என்பதற்கு ‘டேக்’. “போய் எடுத்து வா” என்ற மூன்று வினைகளுக்கும் சேர்த்து ‘ஃபெட்ச்’ என்று ஒன்று உண்டு. பேச்சில் ‘கெட்’ என்பது இன்னும் இயல்பு.

திசையைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘கம்’ என்பது பேசுபவர் இருக்கும் இடத்துக்கும் கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் வரும், வேறிடத்துக்கு ‘கோ’. தொல்காப்பியச் சொல்லதிகாரம் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வகுத்த கோடும் ஏறத்தாழ இங்கேதான் விழுகிறது. “நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்” என்று நாம் சொல்வதுபோலவே ‘ஐ வில் கம் டு யுவர் பிளேஸ் டுமாரோ’. ‘பிரிங்’ ‘கம்’மைப் பின்பற்றும், ‘டேக்’ ‘கோ’வைப் பின்பற்றும். விருந்துக்கு அழைத்தவரிடம் ‘ஷால் ஐ பிரிங் சம்திங்?’ என்று கேட்பது சரி. அவர் இருக்கும் இடத்துக்குத்தானே கொண்டு போகிறீர்கள். நீங்களும் கேட்பவரும் இல்லாத இன்னோர் அறைக்கு ஒரு கோப்பை அனுப்பும்போது ‘டேக் திஸ் டு தி மேனேஜர்’.

சிக்கல் விடைபெறும்போது வருகிறது. “போய் வருகிறேன்” என்பது நமக்கு மரியாதை. “போகிறேன்” என்று மட்டும் சொல்வது மங்கலம் அல்ல என்று வளர்ந்திருக்கிறோம். ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றால் ஆங்கிலக் காதுக்கு ஒருவர் எங்கோ போய்ச் சிறிது நேரத்தில் திரும்புகிறார் என்று படும், காத்திருக்கவும் செய்வார். உண்மையாகவே திரும்பி வரப்போகிறீர்கள் என்றால் ‘ஐ வில் பி பேக்’. விடைபெறுகிறீர்கள் என்றால் ‘சீ யூ’ போதும்.

அறிகுறி: ‘ஹேவிங்’ என்றதும் இல்லாத பிரசவச் செய்தி பரவுகிறது

‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்.’ எனக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது பொருள் என நினைத்துச் சொன்னது. ஆங்கிலத்தில் ‘ஹேவிங் எ பேபி’ என்றால் குழந்தை பிறக்கப்போகிறது.

“இருக்கிறார்கள்” என்பதில் நிகழ்காலம் தெரிவதால் ‘இங்’ வடிவம் தேவை என்று தோன்றிவிடுகிறது. ஆங்கிலம் நிலையையும் செயலையும் கறாராகப் பிரிக்கிறது. உடைமை, அறிவு, விருப்பம், நம்பிக்கை ஆகியவை நிலைகள். அவற்றுக்கு ‘இங்’ கிடையாது: ‘ஐ ஹேவ்’, ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ பிலீவ்’. ‘ஹேவ்’ உடைமையை விட்டுச் செயலுக்குப் போகும்போது ‘இங்’ வரும்: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’. ‘திங்க்’ கருத்தைச் சொன்னால் ‘ஐ திங்க்’. யோசனை நடந்துகொண்டிருந்தால் ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்’. “தெரிந்துகொண்டிருக்கிறேன்” என்று நாமே சொல்வதில்லை, “தெரியும்” என்கிறோம். ‘ஐ ஆம் நோயிங்’ என்று வாய் போகும்போது இதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். இந்தியாவுக்குள் இந்த ‘இங்’ வடிவங்கள் எல்லோருக்கும் புரியும், பெரிதாக யாரும் பொருட்படுத்துவதும் இல்லை. வெளிநாட்டுத் தேர்விலும் வேலைக்கான நேர்காணலிலும் இவற்றைத் திருத்திக்கொள்வது அவசியம்.

உடுத்துதலிலும் இதே பிரிவு இருக்கிறது. ‘வேர்’ என்பது போட்டிருக்கும் நிலை. ‘புட் ஆன்’ என்பது போடும் செயல். ‘வெயிட், ஐ ஆம் வேரிங் மை ஷூஸ்’ என்றால் காலணி ஏற்கெனவே காலில் இருக்கிறது, பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பவர் நினைப்பார்.

அறிகுறி: விளையாட்டுச் செய்தியில் ‘வின்’ உறுத்துகிறது

ஆட்டத்தையும் கோப்பையையும் பரிசையும் ‘வின்’ செய்யலாம். எதிரணியை ‘பீட்’ செய்ய வேண்டும். ‘இந்தியா வன் ஆஸ்திரேலியா’ என்றால் ஆஸ்திரேலியா பரிசாகக் கிடைத்துவிட்டது என்றாகும். “வெல்” இரண்டையும் தாங்குவதால் வரும் பிழை, வேறு ஒன்றுமில்லை.

அறிகுறி: ‘டூ’வா ‘மேக்’கா என்று ஒவ்வொரு முறையும் தயங்குகிறீர்கள்

செயல் முடிந்தபின் முன்பு இல்லாத ஒன்று உண்டாகியிருந்தால் ‘மேக்’: தேநீர், பட்டியல், சத்தம், பிழை, முடிவு, பணம். வேலை நடந்தது என்பது மட்டும் முக்கியமானால் ‘டூ’: வீட்டுப்பாடம், பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல், ஒருவருக்கு உதவி. ‘டூ எ மிஸ்டேக்’ என்பதை முதலில் களையுங்கள், அதுதான் மிக அதிகம் கேட்பது.

இந்த விதி பாதி தூரம்தான் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படுக்கையைச் சீராக்குவது ‘மேக் தி பெட்’; அங்கே புதிதாக எதுவும் உண்டாகவில்லை. தொலைபேசி அழைப்பு ‘மேக்’, வணிகம் ‘டூ’. மீதியைச் சொற்சேர்க்கையாகவே பழக வேண்டும். பெயர்ச்சொல்லைக் கற்கும்போதே அதோடு வரும் வினையையும் சேர்த்து எழுதிக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: வினை சரி, அதன் வால் தவறு

‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் “பற்றி” ஏற்கெனவே வினைக்குள் இருக்கிறது, ‘அபவுட்’டை நீக்குங்கள். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. ‘ரீச்ட் டு சென்னை’ என்பதில் ‘டு’ மிகை. எதிர்ப்பக்கத்தில் ‘வெயிட் மீ’ என்பதற்கு ‘ஃபார்’ குறைவு, ‘லுக் தி பிக்சர்’ என்பதற்கு ‘அட்’ குறைவு.

அறிகுறி: ஊரில் எல்லோருக்கும் புரிந்தது, வெளியே போனதும் புரியவில்லை

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’ என்று வெளிநாட்டு நேர்காணலில் சொன்னால், அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாகப் பொருள்படலாம். ‘கிராஜுவேட்டட்’ என்பதே எங்கும் செல்லும். “தேர்வு எழுதினேன்” என்பதிலிருந்து வந்த ‘ரைட் எ டெஸ்ட்’ நம் ஊரில் முழுக்கச் சரியான வழக்கு, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் ‘சிட்’ அல்லது ‘டேக்’, அமெரிக்காவில் ‘டேக்’ என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். மாத்திரையை ‘ஈட்’ செய்வதில்லை, ‘டேக்’ செய்கிறார்கள். “லைட்டைப் போடு” என்பது ‘புட் தி லைட்’ அல்ல, ‘டர்ன் ஆன் தி லைட்’. ‘ஆஃப் தி ஃபேன்’ என்பதில் வினையே இல்லை. ‘டர்ன்’ அல்லது ‘ஸ்விட்ச்’ முன்னால் வர வேண்டும்.

உங்கள் வாக்கியம் இவற்றில் எதிலும் அகப்படவில்லை என்றால்

ஆங்கிலம்-தமிழ் அகராதியை மூடிவிட்டு, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலம்-ஆங்கில அகராதியைத் திறவுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, வினைகளுக்குப் பொருள் தந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வினையும் தன் பின்னால் எதை ஏற்கும் என்ற அமைப்பையும் தர வேண்டும் என்று கருதினார். அவரும் இரண்டு துணை ஆசிரியர்களும் உருவாக்கிய அகராதி 1942 இல் டோக்கியோவில் வெளியானது. 1948 இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபடியும் வெளியிட்டது; இன்று உலகெங்கும் மாணவர் கையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதி அதன் வழிவந்தது. இத்தகைய அகராதிகளில் வினையின் பொருளுக்கு முன்பே, அதற்குச் செயப்படுபொருள் வேண்டுமா, ‘டு’ வேண்டுமா, ‘இங்’ வேண்டுமா என்று குறித்திருப்பார்கள். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

பொருளைப் படிக்காமல் அந்தக் குறிப்பையும் அதன் கீழ் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் முதலில் படியுங்கள். நீங்கள் தாளில் எழுதிய வாக்கியத்தை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்து, வினையை அடுத்து வரும் சொல் இரண்டிலும் ஒரே வகையாக இருக்கிறதா என்று பாருங்கள். பழகுவதற்கு ‘சஜஸ்ட்’ நல்ல வினை: அதன் பின்னால் ஆள் நேராக வரும் எடுத்துக்காட்டு ஒன்றாவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.